குருவிக்கும் நிற்கிற பஸ்

மார்க்கையன்கோட்டை விலக்கில் ஒரு கை உயர்ந்தது. சின்னச்சாமியின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. புழுதி அடங்கியபோது, சோளக்கொல்லைப் பரண்மேல் ராக்கம்மாள் உயர்த்திய கையோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"குருவிய வெரட்டுனேண்ணே. நீங்க பாட்டுக்குப் போங்க."

"சரி ஆத்தா. வர்றதுன்னா அங்கனயே நில்லு, ஏத்திக்கிறேன்."

வாரத்தில் பாதி நாள் இதே கதைதான். காக்காய்க்கும் டிக்கெட் கிழியுங்கள் என்று உள்ளேயிருந்து யாராவது குத்திக்காட்டுவார்கள். சின்னச்சாமி அசைய மாட்டார். "கையத் தூக்கிட்டா அது சவாரி. எனக்கா குருவிக்கான்னு நின்னுதான கேக்கணும்?"

தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓடும் அந்த ஒற்றை பஸ்ஸுக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர். காலையில் எஞ்சினைச் சுழற்றிவிட்டு நிமிர்ந்தால் மேற்கு மலை மேகத்துக்குள் பாதி கரைந்திருக்கும். நடவு வயல்களில் தேங்கிய பெரியாற்றுத் தண்ணீரில் வானம் படுத்திருக்கும். தண்ணீர்மேல் ஓட்டுவதாக நினைப்போ என்னவோ, ஸ்டியரிங்கை விரல் நுனியால்தான் தொடுவார். ஹாரன் பந்தை அமுக்கினால் கொக்குகள் எழும்பும். பஸ்ஸோடு கொஞ்ச தூரம் வந்து, மனம் மாறித் திரும்பும்.

தையில் கம்பெனி பஸ்கள் வந்தன, மந்தையாக. ஒன்று அவருக்கு முன்னால் கிளம்பும், இன்னொன்று பின்னால் ஒட்டி வரும். கட்டணத்தைப் பாதியாக்கினார்கள். அவரும் குறைத்துப் பார்த்தார். உடனே கம்பெனிக்காரர்கள், ஏறுகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். ஜவுளிக்கடை செல்வமணி வாய் சிவக்கச் சொன்னார்: "யாரு கொறச்சாலும் சனத்துக்கு லாபந்தான அண்ணாச்சி?"

பஸ் வாங்கிய புதிதில் மாட்டுவண்டிக் கூலிக்கும் கீழே கட்டணத்தை இறக்கி ஆள் ஏற்றியபோது சின்னச்சாமி சொன்னதும் இதுதான். அப்போது சவாரி போய் வண்டிமாட்டை விற்ற சுருளியாண்டி, இன்று சின்னமனூர் காப்பிக்கடை வாசலில் பீடியும் கையுமாக நின்றார்.

"ஏலே மாப்ள, எங்களுக்கு நீ செஞ்சத ஒனக்கு அவுக செய்றாக. அவுகளுக்குச் செய்ய யாருலே இருக்கா?"

சின்னமனூரில் அந்தக் கேள்வி மட்டும்தான் பஸ்ஸில் ஏறியது. கம்பம் வரைக்கும் இறங்கவில்லை.

ஆடிக்காற்றில் பஸ் காலியாகவே ஆடிக்கொண்டு போயிற்று. கம்பெனி ஏஜெண்டு நல்லகண்ணு வந்து பதமாகப் பேசினார். பஸ்ஸை விற்றுவிட்டால் அதே தடத்தில் டிரைவர் உத்தியோகம், காக்கிச் சட்டை, மாதச் சம்பளம். கம்பெனி குறித்த இடம் தவிர வேறெங்கும் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

சின்னச்சாமி ஹாரன் பந்தைத் தடவினார்.

"குருவிக்குக்கூடவா?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து நல்லகண்ணு சிரித்தார்.

இப்போது கட்டணம் பழையதற்கும் மேலே ஏறிவிட்டது. வெற்றிலை நின்றுபோயிற்று. செல்வமணி முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார். கம்பெனி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. மலை பழையபடி கரைகிறது. கொக்குகள் பழையபடி கொஞ்ச தூரம் வருகின்றன. காக்கிச் சட்டைக் கழுத்துப் பித்தானை மட்டும் சின்னச்சாமி ஏனோ போடுவதில்லை.

மார்க்கையன்கோட்டை விலக்கில் நேற்று ராக்கம்மாள் நின்றாள். சோளம் அறுத்தாகிவிட்டது, கொல்லையில் ஒரு குருவியும் இல்லை. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. சொல்லி வைத்த இடத்திலேயே நின்று கையை உயர்த்தினாள்.

சின்னச்சாமியின் கால் பிரேக்கைத் தொட்டது. தொட்டுவிட்டு மேலே எழும்பியது. பஸ் அவளைக் கடக்கையில் அவர் வலது கையை வெளியே நீட்டி, வெறும் ஆகாயத்தில் இல்லாத குருவியை விரட்டினார்.