கூத்தாநல்லூர் லாரி ஆபீஸில் சேர்ந்த கதை

சீட்டில் பாலிதீன் கவர்கூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம்... புது ரெக்சின் வாசனை, முகத்தில் ஏ.சி. காற்று.

தஞ்சாவூர் பைபாஸில் ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் ஷெட்டில் அந்தப் புது லாரியில் ஏறி உட்கார்ந்தபோது, எனக்கு ஹெவி லைசென்ஸ் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை மன்னார்குடியில் குட்டியானை லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இறங்கவே மனசு வரவில்லை, போங்கள்!

மேனேஜர் நன்றாகத்தான் பேசினார்.

"நாக்பூர், இந்தூர்னு லைன் போவணும். மாசத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கு வரலாம். பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினல் ஆபீஸ்ல இருக்கட்டும். இந்த பாண்டு பேப்பர்ல ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

பேப்பரைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்ப எழுதிக்குவோம்" என்றார், சிரித்துக்கொண்டே.

ஒரு நாள் டைம் கேட்டு வந்துவிட்டேன். வீட்டில் மனைவி செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். ஏ.சி. பற்றி ஆசையாகச் சொன்னேன். அவள் காதில் பேப்பர் மட்டும்தான் விழுந்தது.

"வெத்துப் பேப்பர்லயா? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

மறுநாள், டிரைவர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு கூத்தாநல்லூரில் ஒரு சின்ன லாரி ஆபீஸுக்குப் போனேன். முதலாளி மெஹருன்னிசா அக்கா. கணவர் குவைத்தில். இங்கே மூன்று லாரிகளை வைத்து, கொள்முதல் நிலையங்களிலிருந்து குடோனுக்கு நெல் லோடு அடிக்கும் வேலையை அக்காதான் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுமே பழைய வண்டி. ஒன்றில் கண்ணாடி இறங்காது, இன்னொன்றில் ஏறாது.

அக்கா இரண்டே கேள்விதான் கேட்டார்.

"வாய்க்கால் ரோட்டுல ரிவர்ஸ் எடுப்பீங்களா? கோவம் வருமா?"

"ரிவர்ஸ் வரும்க்கா. கோவமும் கொஞ்சம் வரும்."

"எனக்கும் வரும்" என்று சொல்லி, லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தார். சம்பளம் பெரிய கம்பெனியைவிடக் குறைவுதான். ஆனால் பிரசவ நேரத்தில் ஊரில் இருக்கலாம். அரை மனசாகத்தான் சேர்ந்தேன், உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்.

ஐந்தாம் நாள் வந்தது வினை.

தை மாதம், சம்பா அறுவடை. முந்தின நாள் எதிர்பாராத மழை. லோடு ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை ரோட்டில் வருகிறேன்... எதிரே அறுவடை மிஷின். லோடு வண்டி கரைப்பக்கம் ஒதுங்கக் கூடாது, எதிரே வருகிறவர்தான் பின்னால் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நான்தான் பெரிய மரியாதைக்காரன் ஆயிற்றே! நெல்லறுக்கப் போகிற மிஷின், காக்க வைக்கக் கூடாது என்று இடது பக்கம் ஒடித்து ஒதுங்கிக் கொடுத்தேன்.

மிஷின்காரர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். என் வண்டி மெதுவாகச் சாய்ந்தது. இடது பக்கச் சக்கரங்கள் கரையில் புதைந்து, ஓர மூட்டைகள் வாய்க்கால் தண்ணீரில் சரிந்து விழுந்தன.

அக்காவுக்கு போன் செய்யவில்லை. பயம். பக்கத்து வயலில் மண்வெட்டி வாங்கி மண்ணை வெட்டினேன், வைக்கோலைப் போட்டேன், ஆக்சிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. வேலை போச்சு, இனி எந்தக் கம்பெனியும் எடுக்காது, செல்வியிடம் என்ன சொல்வது... அழுகையே வந்துவிட்டது. இப்படியே இரண்டு மணி நேரம்.

அந்த வழியாக வந்த யாரோ பார்த்துப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு லாரி வந்தது. லோடுமேன்கள் ஆறு பேர் குதித்தார்கள். கடைசியாக கேபினிலிருந்து அக்கா இறங்கினார்.

வாங்கினேன் பாருங்கள் ஒரு டோஸ்!

"கரை இறங்குனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலங்க. கரைன்னா இறங்கத்தான் செய்யும். ரெண்டு மணி நேரமா சொல்லாம மறைச்சீங்க பாருங்க... வண்டி உங்க மேல சாஞ்சிருந்தா உங்க பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பிறகு குடோனுக்கு போன் செய்தார். "வண்டி எங்களுது, கொஞ்சம் மூட்டை நனைஞ்சு போச்சு, நான் பொறுப்பு" என்றார். டிரைவர் யார் என்று கேட்டிருப்பார்கள் போல. "அது எதுக்குங்க உங்களுக்கு?" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்வார் என்றுதான் போனேன். சாவியை நீட்டினார். அதே கொள்முதல் நிலையம். அதே வாய்க்கால் ரோடு.

"அக்கா, வேற யாரையாச்சும் அனுப்புங்களேன்..."

"வேற யாரு? அந்தக் கரை எங்க இறங்கும்னு இப்ப உங்களுக்குத்தானே தெரியும்?"

அன்று அந்தக் கரை வந்ததும் நடு ரோட்டிலேயே நத்தை மாதிரி ஊர்ந்தேன். ஆனாலும் போய்விட்டு வந்தேன்.

பங்குனியில் மகள் பிறந்தபோது திருவாரூர் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றேன். ஆறு வருஷம் அக்காவிடமே ஓட்டினேன். பிறகு அவர் பிள்ளைகளோடு குவைத்துக்குப் போய்விட்டார்.

இப்போது நானும் வேறொரு பெரிய கம்பெனியில்தான் இருக்கிறேன். நல்ல கம்பெனி, குறை சொல்ல முடியாது. ஜி.பி.எஸ்., கேமரா எல்லாம் உண்டு. வண்டி கொஞ்சம் ஓரம் ஒதுங்கினாலே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். எதையும் மறைக்க வழியில்லை... நாமாகச் சொல்லவும் அவசியமில்லை. அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

போன வாரம் அக்காவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் கழித்து, அந்த வாய்க்கால் விஷயத்துக்கு ஒழுங்காக ஒரு நன்றி சொன்னேன்.



"எந்த வாய்க்கால்ங்க?" என்றார் அக்கா. "எனக்கு ஞாபகமே இல்லியே..."