உள்ளே திறக்கிற கதவு

அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாத்திக்கொண்டு குளிக்க ஒரு கதவு.

மைசூர் மைன்ஸில் நாங்கள் இருப்பது தங்கச் சுரங்கக் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. குளியலறை என்று தனியாக ஒன்று அதில் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கொம்பு நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டி, அதற்குள் உட்கார்ந்து குளித்தே அம்மா காலத்தைத் தள்ளிவிட்டாள். காற்றடிக்கிற மாதங்களில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டிலிருந்து தூசி கிளம்பி வரும். ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அப்போதெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முழங்கால் போய், பின்பக்கப் படி இறங்க முடியாமல் ஆன பிறகுதான் கேட்டாள்.

கொத்தனார் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனார்கள் எல்லாரும் நான் வேலைக்குப் போகிற அதே காலை ரயிலில்தான் பெங்களூருக்குப் போகிறார்கள். பையில் கரண்டியை வைத்துக்கொண்டு எதிரில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பியே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது படுத்துக்கொள்கிறேனே அக்கா என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? எனக்கும் அந்த ஒரு நாள்தான்.

ஆக, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, நானும் என் வீட்டுக்காரருமே வேலையில் இறங்கினோம். அவர் தொழிற்சாலையில் அளவு பார்க்கிற பிரிவில் இருப்பவர். தலைமுடி அளவு பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பார். நானோ வாரமெல்லாம் ரயிலில் நின்று நின்று கால் வீங்கி, எதையாவது சொல்லி ஆளை அனுப்பினால் போதும் என்று இருப்பேன். எங்கள் வீட்டு வேலையில் நடந்த கூத்துக்கெல்லாம் மூலகாரணம் இதுதான்.

சமையலறையின் பின்மூலையைத் தடுத்தோம். இரண்டு பக்கம் வீட்டின் பழைய சுவர். கதவு வருகிற பக்கம் அவர் புதிதாகக் கல் வைத்துக் கட்டினார். நாலாவது பக்கம், படுக்கிற அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஏற்கெனவே இருந்த மூங்கில் தட்டி. மேலே சுண்ணாம்பு பூசியிருந்ததால் சுவர் மாதிரிதான் தெரியும். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, இது டைல்ஸைத் தாங்குமா என்று கேட்டார். தாங்கும், ஒட்டுங்கள் என்றேன். மழைக்காலம் வருவதற்குள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. தரைக்கு வாட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். ஊற்றிய தண்ணீரெல்லாம் நேராக அடுப்புக்கு வந்தது. தரையை உடைத்து மறுபடி போட்டோம். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது போயும்விட்டது.

கதவு வந்த அன்றைக்கு நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திறக்கணும் என்று கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்பக்கமே திறக்கட்டும். வெளியே திறந்தா அரிசி டிரம் மேல இடிக்கும், அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றேன்.

அரிசி டிரம். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்கு அந்தக் கதவு என்றால் அவ்வளவு சந்தோஷம். காலையில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல் தண்ணீர் விழும். வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும். பட்ட பாடெல்லாம் இதற்காகத்தானே என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரம். உள்ளே தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வந்து கதவில் தோளைக் கொடுத்தார். கொடுத்தவர் உடனே எடுத்துவிட்டார். அம்மா கதவை ஒட்டியே விழுந்து கிடந்தாள், முனகல் கதவின் அடியிலிருந்துதான் வந்தது. தாழ்ப்பாளை ஒரே இடியில் பெயர்த்துவிடலாம், ஆனால் கதவு போய் அடிப்பது அவளைத்தான். வெளிப்பக்கம் திறக்கிற கதவாக இருந்திருந்தால் ஓர் இழுப்பில் வேலை முடிந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அரிசி டிரம்மைப் பார்த்தார். வாய்விட்டுத் திட்டியிருக்கலாம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கண்ணு, மாப்ள அங்க கீறாரா?"

"கீறாரும்மா. பயப்படாத."

"அவர வெளியே போவச் சொல்லு. என் மேல ஒண்ணியும் இல்ல."

வலியில் கிடக்கிற மனுஷி முதலில் சொன்னது அதைத்தான். ஆட்டோ கொண்டுவரும்படி அவரை ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் அனுப்பினேன். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு படுக்கிற அறைக்கு ஓடினேன். டைல்ஸ் தாங்காத அந்தத் தட்டியை எத்தனை சாபம் விட்டிருப்பேன்! இரண்டு குத்தில் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது, மூங்கில் பிளந்தது. கையில் சிம்பு ஏறினதுகூட அப்புறம்தான் தெரிந்தது. ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். அம்மா ஈரத்தரையில் ஒருக்களித்து, காலிச் சொம்பால் மார்பை மறைத்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு உடுத்திவிட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

மணிக்கட்டு மட்டும்தான் முறிந்திருந்தது. இடுப்புக்கு ஒன்றும் இல்லை. பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தோம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. அவர் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. தட்டி இருந்த இடத்தில் கல் வைத்துக் கட்டினார். அரிசி டிரம்மை நானே உருட்டிக்கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஐந்து நிமிஷ வேலை. அத்தனை நாளும் அதற்கு அங்கே இடம் இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு அம்மா முதல் முறையாகத் தனியாகக் குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கதவு விரியத் திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாதபடி ஒரு வாளித் தண்ணீரை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

"சாத்திக்கம்மா. இப்போ வெளிப்பக்கம்தான் திறக்குது. ஒண்ணும் ஆவாது," என்றேன்.

"வேணாம் கண்ணு. தொறந்தே கெடக்கட்டும்," என்றாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பெட்டியிலிருந்து அவளுடைய பழைய புடவை ஒன்றை எடுத்துவந்து, கதவு நிலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கட்டிவிட்டேன்.