தெருவைக் கடக்கும் அலமாரி

எங்கள் ஊரில் ஜனாதிபதி மாறினால் தபால் நிலையமும் இடம் மாறும். வாஷிங்டனில் எந்தக் கட்சி ஆள்கிறதோ, அந்தக் கட்சிக் கடைக்காரர் ஒருவர்தான் இங்கே போஸ்ட் மாஸ்டர்; அவர் கடைதான் தபால் நிலையம். கடிதங்களைப் பிரித்து வைக்கும் மர அலமாரியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பார்கள். மருந்துக்கடையிலிருந்து எபன் ப்ரூயிட்டின் துணிக்கடைக்கு அது போனதைப் பள்ளிக்கூட ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன்.

கடை மாறினாலும் கடிதம் பிரிப்பது ஹல்டா டில்சன்தான். கணவர் போருக்குப் போய்த் திரும்பவில்லை. இந்தச் சம்பளத்தை விட்டால் ஹல்டாம்மாவுக்கு வேறு வழியில்லை. அலமாரி கிளம்பும்போது கடிதங்கள் காற்றில் பறந்துவிடாமல் கைகளால் மறைத்தபடி கூடவே நடப்பார். புதுக் கடைக்காரர் அலமாரியோடு அவரையும் சேர்த்து ஏற்றுக்கொள்வார்.

போன தேர்தலில் ப்ரூயிட்டின் கட்சியே மறுபடி ஜெயித்தது. இனி நான்கு வருஷம் கவலையில்லை என்று ஹல்டாம்மா நிம்மதியாக இருந்தார். மார்ச் மாதம் செய்தி வந்தது. அலமாரி குதிரைச் சேணம் தைக்கும் லூசியஸ் ஹோக்கின் கடைக்குப் போகிறதாம். ஹோக்கும் அதே கட்சிதான். ஆனால் கடிதங்களை அவர் மகளே பிரிப்பாளாம்.

ஏன் என்று ஹல்டாம்மா ப்ரூயிட்டிடம் கேட்டதற்கு, அவர் துணியை மடித்தபடி, "அது உனக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னாராம். ஹல்டாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. படிப்பு முடித்துச் சும்மா இருந்த என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மெக்கேப்பைப் பார்க்கப் போனார். மெக்கேப் மதுக்கடை நடத்துபவர். எங்கள் பக்கத்தில் கட்சி என்றால் அவர்தான். பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் பின்வாசலில் நின்றோம்.

"நம்ம கட்சிதானே ஜெயிச்சுது மெக்கேப்? அப்புறம் எதுக்கு மாத்துறீங்க?"

"நான் எங்கக்கா மாத்துறேன்? நம்ம மாநிலத்து செனட்டர் மாத்தச் சொல்லிட்டாரு."

"ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டாமா?"

"அவரு நல்ல மனுஷன்க்கா. செனட்டர் எதை நீட்டினாலும் போட்டுருவாரு. படிச்சுப் பாத்துட்டுப் போட்டா செனட்டர் கோச்சுக்குவாருல்ல?"

செனட்டருக்கு யார் சொன்னது என்று நான் கேட்டேன். தான்தான் என்றார் மெக்கேப், கொஞ்சமும் கூசாமல். அவருக்குச் சொன்னது ஹோக்.

"அக்கா, நீங்கதானே ஹோக் கடை அடுப்புதான் நல்லாக் கதகதன்னு இருக்குன்னு சொன்னது? ப்ரூயிட்கிட்ட வேலை பாக்குற உங்களுக்கே அவன் கடை பிடிக்கலை, ஊருக்கு எப்படிப் பிடிக்கும்னு ஹோக் கேட்டான். எனக்கும் சரியாத்தான் பட்டுது."

தபால் பையின் வாரைத் தைக்கக் கொடுக்க ஜனவரியில் ஒருநாள் ஹோக் கடைக்குப் போனபோது, விறைத்த விரல்களைக் காட்டியபடி ஹல்டாம்மா அப்படிச் சொன்னது உண்மைதான்.

"குளிருக்குச் சொன்னதுய்யா அது."

"எனக்குத் தெரியுது. வாஷிங்டனுக்குத் தெரியாதே."

திரும்பும் வழியில் ஊர் பேசுவதைச் சொன்னேன். ஹோக் கடை முகப்பில் குளிர்காலம் முழுக்க இருந்த வெள்ளிப் பூண் போட்ட சேணம் பிப்ரவரியில் காணாமல் போனது. இப்போது அதன்மேல் செனட்டர் உட்கார்ந்திருக்கிறார் என்று பேச்சு.

"அப்ப என் வேலை போனது சேணத்தாலயா, அடுப்பாலயா?" என்று ஹல்டாம்மா கேட்டார்.

அலமாரியைத் தூக்கிய அன்று பனிக்காற்று அடித்தது. யாரும் கூப்பிடாமலேயே ஹல்டாம்மா வந்து கடிதங்களை மறைத்தபடி நடந்தார். ப்ரூயிட் வெளியே வரவில்லை. எதிர்க்கடை வாசலில், ஹல்டாம்மா பறக்காமல் பிடித்திருந்த கடிதக்கட்டை ஹோக் வாங்கி மகளிடம் கொடுத்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"உள்ள வாங்கம்மா, அடுப்புகிட்ட உக்காருங்க. எப்ப வேணாலும் வந்து குளிர் காயலாம்."

ஹல்டாம்மா உட்கார்ந்தார். அடுப்பு கதகதப்பாகத்தான் இருந்தது. அந்தப் பெண் கடிதங்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், என் பக்கம் குனிந்தார்.

"அடுத்த தடவை யாரு ஜெயிக்கணும்னு நான் ஆசைப்படணும்?"

பெண் என்பதால் அவருக்கு ஓட்டு கிடையாது. எனக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயது வரவில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம்.