ஓட்டோக்காரருக்குப் போர்த்திய சால்வை

போர் முடிந்த அடுத்த வருடம், 2010 ஆனியில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கூத்தின் சதங்கை கட்டுக்குப் போனேன். பழக்கியவர், ஆடுபவர்களின் காலில் முதன்முதலாகச் சதங்கை கட்டிவிடும் சடங்கு அது. யோகம்மாவுக்காகத்தான் போனேன். அந்த ஊர்க் கூத்துக் களரியில் இறங்கி ஆடிய முதல் பெண் அவர். சுனாமியில் கணவரை இழந்து, அகதி முகாமில் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கத் தொடங்கியவர். இப்போது ஊருக்கே அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவர். அப்படித்தான் நம்பிப் போனேன்.

மட்டக்களப்பில் பகல் 1.15க்கு பஸ். மண்முனைத் துறைக்கு 25 ரூபாய். வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்பார்கள். அரை மணி நேரம் வெயிலில் நின்றேன், குடை கொண்டுபோங்கள். அக்கரையிலிருந்து ஓட்டோவில் ஐந்து கிலோமீற்றர், 200 ரூபாய். ஓட்டிய சிவலிங்கம் யோகம்மாவின் தம்பியாம்.

"அக்காதான் நாலு மாசமாப் பழக்கினவ. ஆனா இண்டைக்குச் சதங்கை கட்டுறது நான்" என்றார். "கட்டினவரிட காலில ஆடுறவங்க விழோணுமெல்லோ. பொம்பிளையிட காலில ஆம்பிளையள் விழக் கூடாதாம். கூத்துக் கொமிட்டி சொல்லிப்போட்டுது."

"உங்களுக்குக் கூத்துத் தெரியுமா?"

"எனக்குத் தாளமே புடிக்கத் தெரியா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாது என்று சொல்லிக்கொண்டே கட்டப் போகிறாரே இந்த மனிதர்.

நாலு மணிக்கு, ஆடுபவர்கள் பதினான்கு பேருக்கும் சிவலிங்கமே கட்டினார். எல்லோரும் அவர் காலில் விழுந்தார்கள். யோகம்மா பாட்டு எழுதிய கொப்பியோடு பெண்கள் பக்கம் இருந்தார். மத்தளம் தொடங்கி இரண்டாவது அடியிலேயே ஒருவரின் சதங்கை அவிழ்ந்து காலில் சுற்ற, அவர் குப்புற விழுந்தார். கொமிட்டித் தலைவர் யோகம்மாவிடம் வந்து, "புள்ள, ஒருக்கா வந்து இறுக்கிவிடு" என்றார். வெட்கமே இல்லை.

யோகம்மா எழுந்து போய், பதினான்கு பேரின் சதங்கையையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். ஒருவரும் அவர் காலில் விழவில்லை. முடிவில் அண்ணாவியாருக்கான சால்வையைத் தம்பிக்குப் போர்த்தினார்கள். அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"ஏன் கட்டினீங்க?" என்று யோகம்மாவிடம் கோபமாகவே கேட்டேன்.

"விழுந்து கால முறிச்சா ஆர் ஆடுற? அது என்ட கூத்து" என்றார். கண் கலங்கியிருந்தது.

திரும்பும்போது சிவலிங்கத்தின் ஓட்டோவில் ஏற மனம் வரவில்லை. நடந்தே துறைக்கு வந்தேன். கடைசிப் பாதை ஏழு மணிக்கு, தவறவிட்டால் இரவு அங்கேயேதான்.

அடுத்த மாதம் அரங்கேற்றம். போகிறவர்கள், அண்ணாவியார் யார் என்று கொமிட்டியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். ஓட்டோக்காரரைக் காட்டுவார்கள். "இவரில்லை, யோகம்மா எங்கே?" என்று திரும்பவும் கேளுங்கள்.