அளவு மீறிய சிலிண்டர்

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். தெருவில் அவருக்குக் 'காத்துப் பிடிக்கிறவர்' என்று பெயர். வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

பழைய ஏசியைக் கழற்றும்போது மற்றவர்கள் குழாயை வெட்டி விடுவார்கள். உஸ்ஸென்று உள்ளே இருக்கும் கேஸ் போய்விடும், அவர்களும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ஒரு மிஷினை மாட்டி, கேஸை உறிஞ்சி, சிலிண்டரில் அடைத்து வீட்டுக்குத் தூக்கி வருவார். ஒரு ஏசியின் கேஸ் காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது ஒரு கார் மாதக்கணக்கில் விடும் புகைக்குச் சமமாம். கேட்டால் இதைச் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"பூமிய அப்புறம் காப்பாத்தலாம். எல்லாத்தையும் திறந்து விட்டுத் தொலைங்க, வீட்டுல நடக்க இடம் இல்ல" என்று நான் கத்தாத வாரம் கிடையாது.

பல வகை கேஸ் கலந்துவிட்டால் மறுபடி பயன்படாது, முறையாக அழிக்க வேண்டும். ஊரில் அதற்கு ஓர் இடம் இல்லை. குப்பைக் கிடங்கில் ஒரு மூலை ஒதுக்கினால் போதும், எல்லா மெக்கானிக்கிடமும் வாங்கி மொத்தமாக அனுப்பிவிடலாம் என்று நகராட்சிக்கு நடையாய் நடந்தார். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சிலிண்டர்கள் எங்கள் கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகையில் சேர்ந்துகொண்டே போயின.

என் தம்பியும் அவரோடுதான் வேலை செய்கிறான். மாமாவைக் கிண்டல் செய்வதில் அவன் எனக்கே அண்ணன். மாமா பக்கத்தில் இல்லாத நேரங்களில் அவனும் குழாயை வெட்டி விடுகிறவன்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கரண்ட் வேறு போய்விட்டது. சாப்பிட வந்தவர் ஏதோ எடுக்கக் கொட்டகைக்குள் போனார். ஒரு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இத யாருடா நிரப்பினது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி பெருமையாக நிமிர்ந்தான். "நான்தான் மாமா! காலையில ஆபீஸ் ஏசிய கழட்டினேன்ல? இன்னிக்கு ஏனோ வெட்டி விட மனசு வரல. காலி சிலிண்டர் உங்க வண்டியில போயிடுச்சு. அதான் ஏற்கெனவே கேஸ் இருந்த சிலிண்டர்லயே அடைச்சுட்டேன்."

"எடை போட்டியா?"

"எடையா?"

சிலிண்டரை ஒருநாளும் கழுத்துவரை நிரப்பக் கூடாது. சூட்டில் உள்ளே இருப்பது விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் சிலிண்டரே பிளக்கும். தகரத்துக்குக் கீழே அது காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது. இவர் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினார். ஊசி சிவப்புக்கோட்டுக்குக் கிட்டே நின்றது.

கொட்டகைக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் ஒரே சுவர். தம்பி சாப்பிட்ட கையோடு ஓடி அந்த வீட்டுக்காரர்களை வெளியேற்றினான். நான் மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். இவர் ஈரச் சாக்கை சிலிண்டர்மேல் போட்டு மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீரே சுட்டது. ஊசி ஏறாமல் நின்றதே தவிர, இறங்கவில்லை.

"நீ ஏன் வந்த? வெளிய போ" என்றார். கை வால்வுக்குப் போனது. "கதவ நல்லா திறந்து வெச்சுட்டுப் போ. எல்லாத்தையும் வெளிய விட்டுடறேன்."

எத்தனை தடவை நானே சொன்ன வார்த்தை! இப்போது அவர் வாயால் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தோற்றுப்போன முகம்.

"அதான் வண்டியில காலி சிலிண்டர் இருக்கே?"

"கரண்ட் இல்லாம மிஷின் எப்படி ஓடும்?"

"மிஷின் இல்லாம கேஸ் அதுக்குள்ள போகவே போகாதா?"

ஒரு விநாடி யோசித்தார். "காலி சிலிண்டர ஐஸ்ல வெச்சா போகும். இது சூடு, அது ஜில்லுன்னு இருந்தா தானா இழுத்துக்கும். ஆனா ஐஸ் வர்றவரைக்கும் இது தாங்கணுமே."

"ஊசி சிவப்பத் தொட்டா திறங்க. நானே திறக்கச் சொல்றேன். அதுவரைக்கும் கைய எடுங்க."

தம்பியை ஜூஸ் கடைக்கு விரட்டினேன். நாங்கள் இருவரும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு என்ன கண்டேன் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே ஊற்றினேன். ஆனால் கண் ஊசியைவிட்டு நகரவில்லை. ஊசி சிவப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

தம்பி ஒரு ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டை முழுக்க ஒழுக ஓடி வந்தான். உடைத்து ஓர் அண்டாவில் கொட்டி, காலி சிலிண்டரை அதில் இறக்கினோம். குழாயை மாட்டி இரண்டு வால்வையும் மெதுவாகத் திறந்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குழாய் லேசாக அதிர்ந்தது. ஊசி ஒரு மயிரிழை இறங்கியது. பிறகு கடகடவென்று இறங்கியது.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நல்லது செய்யலாம்னு நினைச்சேன் மாமா" என்றான்.

"நல்லதுதான்டா செஞ்ச. அடுத்த தடவ எடை போட்டு அடை" என்றார் இவர். என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் எல்லாச் சிலிண்டரையும் எடை போட்டுச் சரி பார்த்தார். அவர் வேலைக்குப் போனதும் ஒரு லோடு ஆட்டோவைக் கூப்பிட்டேன். தம்பி ஏற்றினான். நேராக நகராட்சி அலுவலகம். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் ஒவ்வொன்றாக இறக்கி வரிசையாக நிறுத்தினோம்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்னம்மா இது? ஆளுங்க நடமாடற இடத்துல இதக் கொண்டு வந்து வைக்கறீங்க? ஆபத்து இல்லையா?"

"எங்க வீட்டுலயும் ஆளுங்கதான் சார் நடமாடறோம்."

"அதுக்கு? இத எங்க கொண்டு போய் வைக்கறது?"

"சொல்லுங்க சார், வைக்கறோம்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.