பூதம் அக்கா என்றது

எங்கள் ஏரியில் பூதம் இருக்கிற விஷயம் எங்களுக்கே ஒரு பேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் காலையில் கட்டியிருந்தார்கள். பச்சையாக ஒரு தலை, சிவப்பாக இரண்டு கண், வாய் நிறையப் பல், மோவாயில் தொங்குகிற தாடி. நூறு வருஷமாக ஏரிக்கு அடியில் தூங்கிய பூதம் விழித்துக்கொண்டது, குடும்பத்தோடு வந்து காணுங்கள் என்று கீழே போட்டிருந்தது. அதுவரை ஊரில் ஒருத்தரும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பேனர் கட்டி ஒரு வாரம் ஆவதற்குள், தங்கள் தாத்தா அதைப் பார்த்திருப்பதாக டீக்கடையில் மூன்று பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒருவருடைய தாத்தாவின் எருமையை அது விழுங்கியும் இருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. பொருட்காட்சி போடுகிறவர் ஒருவர் ஏரிக்கரையை வாடகைக்குப் பிடித்து, தார்ப்பாய் விரித்துக் குட்டை கட்டி, அதில் பூதத்தை இறக்கியிருந்தார். இதெல்லாம் பொம்மை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் அம்மாவுக்கு மட்டும் வேறு எண்ணம். எங்கள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பூதபுரி என்று பழைய பேர் உண்டு. சாபம் வாங்கின பூதகணங்கள் பெருமாளைக் கும்பிட்டுச் சாபம் தீர்ந்த இடம் இது என்று கோயிலில் சொல்லுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்று அன்றைக்கு அசந்து தூங்கியிருக்கும், பெருமாள் கூப்பிட்டது காதில் விழுந்திருக்காது, பாவம் என்பது அம்மாவின் கட்சி. பொம்மையாகவே இருந்தாலும் அதன் பேரைச் சொல்லித்தானே வைத்திருக்கிறார்கள், கோயிலில் இருப்பது கல் என்று கும்பிடாமல் விடுகிறோமா என்று அப்பாவைக் கேட்டாள். அவர் இருங்காட்டுக்கோட்டையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர், தூங்கப் போய்விட்டார்.

அம்மா படித்தது ஐந்தாவது. பக்தியில் மட்டும் ரொம்பக் கறார். எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அடி கிடையாது, திட்டு கிடையாது. தெருமுனைப் பிள்ளையார் முன்னால் பன்னிரண்டு தோப்புக்கரணம். ஒரு பொய்க்குப் பன்னிரண்டு. வீட்டுப்பாடம் எழுதிவிட்டேன் என்று சொல்லி நானும், மிட்டாய் தின்னவில்லை என்று சொல்லி என் தம்பியும் அந்த இடத்தில் போட்ட தோப்புக்கரணத்துக்கு அளவே இல்லை. பெரியவர்கள் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. பொய் என்பது அம்மை மாதிரி பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு நீலச் சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, டிபன் டப்பாவோடு கிளம்புவார். அந்தச் சட்டைக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது. வல்லம் வடகால் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் ஜாதகம் வந்ததும் அந்தச் சட்டையினால்தான். கம்பெனி மாப்பிள்ளை என்றால் சரி என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். பெண்ணே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தது.

முதலில் பெரியவர்கள் எங்கேயாவது பொதுவான இடத்தில் பார்த்துப் பேசுவோம், பெண்ணையும் கூட்டி வருகிறோம், மாப்பிள்ளை அப்புறம் வந்தால் போதும் என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். எங்கே என்றால், ஞாயிற்றுக்கிழமை ஏரி பூதத்தில். பெண்ணுக்கு அன்றைக்குத்தான் லீவு, பூதத்தைப் பார்க்க அதற்கும் ஆசையாம்.

இதைக் கேட்டதும் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கை அப்படியே நின்றது. அன்றிலிருந்து நான்கு நாள் அவர் பட்ட பாடு இருக்கிறதே. பூதம் ரிப்பன் கட்டின பிள்ளைகள் மேல் துப்பும் என்று என்னிடம் சொன்னார். அங்கே கொசு ஜாஸ்தி என்று அப்பாவிடம் சொன்னார். கடைசியில் அம்மாவிடமே வந்தார்.

"டுபாக்கூர்க்கா அது. அட்டையும் சணலும். அத்தப் போய் யாருனா பாப்பாங்களா?"

"அப்டிலாம் பேசாதடா. அது காதுல வியும்."

"வியும்க்கா," என்றார் மாமா, ரொம்பத் துக்கமாக.

ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஓவர்டைம் இருக்கிறது என்று விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து எல்லோருக்கும் புளியோதரை கட்டியிருந்தாள். அவர் டப்பாவிலும் அதைத்தான் அழுத்தி வைத்தாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குப் போகிறான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு பெருமை.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில் விறைப்பாக நின்றார். நிலம் கம்பெனிக்குப் போனதிலிருந்து அவருக்குக் கம்பெனி தவிர வேறு எதிலும் நம்பிக்கை இல்லை என்று அப்பா சொல்லியிருந்தார். பெண்ணின் அம்மா, என் அம்மாவின் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். தேங்காய், வெற்றிலை, பூ, கற்பூரம், பித்தளைத் தட்டு. கோயிலுக்கும் போகிறீர்களா என்று கேட்டார். இல்லை, இங்கேதான் என்றாள் அம்மா. பூதகணம் இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு வருவதா?

எங்கள் முறை வந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குட்டை. மைக்செட்காரர் பத்து வரை எண்ணினார். கேசட்டில் ஓர் உறுமல் கிளம்பியது, தண்ணீர் குமிழ்விட்டது, சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து அந்தத் தலை எழும்பியது. கண் இரண்டும் எரிந்தன. என் தம்பி அப்பாவின் வேட்டிக்குள் போய்விட்டான். தலை ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பி வாயைத் திறந்தது. எங்கள் பக்கம் திரும்பியதும், திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தடுப்பின் கல்தூணில் தேங்காயை ஒரே போடாகப் போட்டு உடைத்தாள். மைக்செட்காரர் என்ன ஏது என்று கேட்பதற்குள் தட்டில் கற்பூரம் கொளுத்தி, கம்பிக்கு மேலே கையை நீட்டிப் பூதத்தின் முகத்துக்கு நேரே சுற்ற ஆரம்பித்தாள். பூதம் பின்னால் போனது. தட்டு கிட்டே போகவில்லை என்று அம்மா இன்னும் எக்கினாள். பூதத்தின் முதுகு பின்னாலிருந்த தகரத் தடுப்பில் முட்டியது. அதற்குமேல் போக இடமில்லை. காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தது, சணல் தாடி எழும்பித் தட்டை நோக்கி வந்தது.

அப்போதுதான் பூதத்தின் வாய்க்குள்ளிருந்து, உறுமலையும் மீறித் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, தள்ளிப் புடிக்கா. தாடி பத்திக்கும்."

மைக்செட்காரர் கேசட்டை நிறுத்திவிட்டார்.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. கற்பூர வெளிச்சத்தில் அவள் முகத்தை நான் கீழேயிருந்து பார்த்தேன். தெரியாத பஸ்ஸில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

பெண்ணின் அப்பா மெதுவாகத் திரும்பினார். "இன்னாம்மா இது? பூதம் உன்னப் பாத்து அக்கான்னுது?"

அம்மா தட்டைக் கீழே இறக்கினாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு அந்தத் தலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஊரே அதும்பேர்ல தானண்ணா கீது. இந்த ஊர்ல பொறந்தவங்கள அது அக்கா தங்கச்சின்னு தான கூப்புடும். நான் குடுத்து வெச்சவ."

எனக்கோ அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. போதாததற்குப் பூதத்தின் வாயிலிருந்து சாம்பிராணியோடு புளியோதரை வாசனையும் வந்தது. நான் அம்மாவின் முந்தானையை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, மாமாம்மா!" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தாள்.

"பாத்தீங்களா? எனக்குத் தம்பின்னா இவளுக்கு மாமா தான? கொயந்தைக்கே மொற தெரியுது."

கூட்டத்திலிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர் எனக்கு மாமாதானே. குரல் ஒன்றாக இருப்பதும் அண்ணன் தம்பி ஜாடைதான் என்று முடிவு செய்துகொண்டேன். மறுநாள் பள்ளியில் எனக்கு இரண்டு மாமா, ஒருவர் கம்பெனியில், ஒருவர் ஏரியில் என்று சொல்லியும் வைத்தேன்.

மாமாவுக்குப் பார்த்த அந்தப் பெண் தடுப்புக்கு அருகே வந்தது. தலையைச் சாய்த்துப் பூதத்தின் வாய்க்குள் பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டியது.

"உள்ள புழுங்கும். குடிக்கட்டும்."

பூதம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முன்னால் வந்து வாயைத் திறந்தது. பாட்டில் உள்ளே போனது. பூதம் தண்ணீர் குடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காலி பாட்டில் நாக்கின் மேல் உருண்டு திரும்பி வந்தது. பெண்ணின் அம்மா மகளை இழுத்துக்கொண்டு போனார். அது மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது.

புளியமரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெண்ணின் அப்பா விடவில்லை. மாப்பிள்ளைக்கு அங்கே என்ன மாதிரி வேலை என்று கேட்டார். அம்மா குனிந்து தம்பிக்கு ஊட்டினாள். அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மெஷின், ஆளே உள்ளே உட்கார்ந்து ஓட்டணும், பொறுப்பான வேலை என்றார். பெண்ணின் அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அந்தப் பெண்ணுக்குப் புரையேறியது.

நடந்தது இவ்வளவுதான். மாமாவைக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தது என்று நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜாதகம் வந்த சமயம். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏரிக்கரையில் வேலை கேட்டு, பூதமாகிவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது நான் பத்தாவது படித்தேன்.

பூதத்தைப் பார்த்த மறுநாள் காலை அம்மா தனியாக வல்லம் வடகாலுக்குப் பஸ் ஏறினாள். பெண் வீட்டில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஊர் நடுவே என் தம்பி தலைகுனியக் கூடாதென்று அப்படிப் பேசினேன், உங்கள் வீட்டுப் பெண்ணை ஏமாற்ற மாட்டேன், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாளாம். பெண்ணின் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டாராம். அந்தப் பெண்தான் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னதாம்.

"எனக்கு நேத்தே தெரியும்க்கா. எங்க லைன்ல எல்லாரும் மூஞ்சிய மூடிக்கினு கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். வாய்க்குள்ள தெரிஞ்சது போட்டோல பாத்த கண்ணு தான? நெருப்பு வந்தப்போகூட அக்காவ வையல பாருங்க, அது போதும்."

தன் அப்பாவை வழிக்குக் கொண்டுவர அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் மாமாவுக்கும் இருங்காட்டுக்கோட்டையில் வேறு வேலை கிடைத்து, இந்த முறை நிஜமான சட்டை வந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், மாமா குறட்டைவிட்டால் என் அத்தை ஒரு பாட்டில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். பொருட்காட்சிக்காரர் பூதம் பேசிய மறுநாளே பேனரில் 'பேசும்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். வாசலில் தேங்காய்க் கடையும் வந்தது.

ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். நாங்கள் வீடு திரும்பியதும் அம்மா கால்கூடக் கழுவாமல் என் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு நடந்தாள். நான் என்ன பொய் சொன்னேன் என்று நடந்துகொண்டே யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையார் முன்னால் போனதும் அம்மா என் கையை விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தானே போட ஆரம்பித்தாள்.

நான் எண்ணினேன். பன்னிரண்டு. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் பன்னிரண்டு. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, இன்னும் ஒரு பன்னிரண்டு. எதற்கம்மா இவ்வளவு என்று கேட்டேன்.

"முட்டி வலிக்கு நல்லதாம்டீ," என்றாள்.

சொல்லிவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்தாள். பிள்ளையாரும் அவளைப் பார்த்தார். அம்மா ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பவும் காதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பன்னிரண்டு போட்டாள். முட்டி அவளுக்கு அவ்வளவு வலித்திருக்கிறது என்று நினைத்து, அன்றைக்கு வீடு வரைக்கும் கூடையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.