கரண்ட் போன பிறகும் பாடிய கேசட்

வியர்த்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி நின்றிருந்தது. டேப் ரிக்கார்டரின் சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. வீணை மட்டும் நிற்கவில்லை. ஆலாபனையை முடித்துத் தானத்துக்குள் நுழைந்து, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எழுந்துபோய்ப் பார்த்தேன். கேசட் சுற்றவில்லை. பாட்டரி மூடியைக் கழற்றினேன். எந்தக் காலத்திலோ கசிந்த பச்சை உப்புதான் உள்ளே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். ஐம்பது தாண்டிய மனிதன், நாலு எழுத்துப் படித்தவன், கரண்டே இல்லாத வீட்டில் பிளக்கைப் பிடுங்கிப் பாட்டை நிறுத்தப் பார்த்தான் என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வீணை தொடர்ந்தது.

"கரண்ட் எப்ப போச்சு?" என்று தறியில் இருந்த மனைவியைக் கேட்டேன்.

"அது போயி அரை மணி நேரமாவுது. இன்னா, பாட்டே இல்லாம தலைய ஆட்டிக்கினு உக்காந்துருந்தீங்க?"

இதை அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குச் சில மாதம் முன்பிருந்தே என் காது மங்கிக்கொண்டு வந்தது. முதலில் போனது கொசு. வரம் என்றுதான் நினைத்தேன். பிறகு குக்கர் விசில். பிறகு போனில் பத்திரிகை ஆசிரியரின் குரல். அதையும் நஷ்டத்தில் சேர்க்க மனம் வரவில்லை. பயம் வந்தது தறியில்தான்.

எங்கள் வீட்டில் நெய்பவள் அவள். நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன், அதாவது வீட்டில் சும்மா இருப்பவன். கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் ஊடைக்கு ஊடை, குறுக்கிழைக்குக் குறுக்கிழை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர வேண்டும். இடது கரையையும் உடலையும் நெய்பவர் பார்த்துக்கொள்வார். வலது கரைக்கு, குறுக்கிழை சுற்றிய கட்டையான நாடாவைப் போட, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். வழக்கமாக அது சின்ன வயசுக்காரர்கள் வேலை. துணைக்கு இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், "சும்மா எழுதிக்கினுதானே இருக்கீங்க, வந்து கோர்வை போடுங்க" என்றாள். அன்று போய் உட்கார்ந்தவன்தான். என் கட்டுரைகளைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றை என் கரையைப் பற்றிச் சொன்னார்கள்: பிசிறு இல்லை.

அந்த இடத்தில் இருப்பவனுக்குக் கண்ணை விடக் காது முக்கியம். நெடுக்கிழைப் பாவைத் திறக்கும் மிதிச் சத்தம், குறுக்கிழையை நெருக்கப் பலகை வந்து இடிக்கும் சத்தம், இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடம். அதில் நாடா போக வேண்டும். சிக்கலான இடம் வந்தால் மட்டும் அவள் வாயைத் திறந்து "போடு" என்பாள். ஊரில் மரியாதை கொடுத்துப் பேசும் மனைவி தறியில் மட்டும் ஒருமையில் அழைக்கலாம். அது எங்களுக்குள் ஒரு சட்டம். காது போனால் எனக்கு அந்த இடம் போகும். அந்த இடம் போனால், நாள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார எனக்கு வேறு காரணம் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு காரணமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் சந்தேகப்படுவார்கள்.

ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. பாட்டு கேட்டேன்.

எனக்கு இருந்தது மூன்றே ஆல்பம். கைப்பேசிக்குள் உலகமே பாடுகிற காலத்தில் மூன்று கேசட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவன் நான். ஒன்று அந்த வீணை. ஒன்று நாதஸ்வரம். மூன்றாவது, வாலிபத்தில் பஜாரில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடையில் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த சினிமாப் பாட்டுகள். கடைக்காரர் நேரக் கணக்கில் கோட்டைவிட்டதால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். வெளியே உலகம் எவ்வளவு மங்கியதோ, உள்ளே இந்த மூன்றும் அவ்வளவு துல்லியமாயின. சட்னியில் உப்பு போதுமா என்று அவள் கேட்பது எட்டாது. தபேலாக்காரர் விரலை நனைத்துக்கொள்வது எட்டும்.

ஆறுதலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கல்யாண வீடுகளில், எல்லாரும் வாயசைக்கும் கூட்டத்தின் நடுவில், எனக்கு மட்டும் வீணை வாசித்தார்கள். ஆனால் ஒரு விஷயம் பிடிக்கவில்லை. சினிமாக் கேசட் அதே சரணத்தில் அறுந்துபோகும். பிறகு வெற்று டேப்பின் இரைச்சல். பிறகு 'டக்' என்று பொத்தான் எழும்பும். கேசட்டை வெளியே எடுக்கும் சத்தம், திருப்பிப் போடும் சத்தம், மூடியை அழுத்தும் சத்தம். மறுபக்கம் ஆரம்பிக்கும். திருப்பிப் போடுவது யார்?

திருப்புட்குழிக் கோயிலுக்கு ஒரு நாள் அவளோடு போனேன். பட்டப்பகல். சுவாமிக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். தவில்காரர் தோள் குலுங்கியது. என் காதில் அந்தக் கடைக்காரர் பதிவு செய்த காதல் பாட்டு. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க வாத்தியத்தை எடுத்தார். பாட்டில் ஒரு பெண் சிரித்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, மயக்கமா?" என்று அவள் உதடு கேட்டது.

"பக்தி" என்றேன்.

தறியில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். உட்கார்ந்ததும் ஏதாவது ஓர் ஆல்பம் தொடங்கும். அதற்கடியில் மிதியும் பலகையும் தெளிவாகக் கேட்கும். நாடாவைப் போட்டேன், வாங்கினேன். போகாத காதைப் போனதாக நினைத்தோமோ என்றுகூட இருந்தது.

ஒரு காலை, தலையைக் குனிந்து கரையைப் பார்த்தபடி நாடாவைக் கையில் வைத்துக் காத்திருந்தேன். மிதிச் சத்தம் வந்தது. பாவு திறக்கவில்லை. பலகை இடித்தது. கண்ணெதிரே பலகை அசையவில்லை. மறுபடி மிதி, மறுபடி இடி. சத்தம் சீராக, அழகாக, அவளுடைய கைப்பக்குவத்தோடு வந்தது. இழைகள் ஆடாமல் கிடந்தன. மெல்ல இடப்பக்கம் திரும்பினேன். அவள் இடம் காலியாக இருந்தது. மிதிக்கும் குழிக்குள் கால் இல்லை. என் காதில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. கையில் தண்ணீர்ச் சொம்போடு அவள் பின்னால் நின்றிருந்தாள். வாய் நெடுநேரமாக அசைந்துகொண்டிருந்திருக்க வேண்டும்; முகத்தில் கோபம் முடிந்து அடுத்தது வந்திருந்தது.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் தறிச் சத்தம் இல்லாமல் நான் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. எனக்குள் பதிந்த ஒவ்வொரு பாட்டிலும் அவள் நெய்துகொண்டிருந்தாள். மூன்று ஆல்பத்திலும் தறி இருந்தது. நான் இத்தனை நாள் அந்தத் தறிக்குத்தான் கோர்வை போட்டிருக்கிறேன். சேலையை விரித்துப் பார்த்தோம். சமீபத்தில் நெய்த பாகத்தில், என் பக்கம், உடலும் கரையும் அங்கங்கே கை விட்டிருந்தன. என் கரையில் பிசிறு இருக்காது என்று நம்பி அவளும் அந்தப் பக்கம் பார்க்காமல் விட்டிருந்தாள்.

காது டாக்டர் சிறு வயதுக்காரர். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டால் மூளை பழசை எடுத்துப் போட்டுக்கொள்ளும், பயப்படாதீர்கள். கேசட்டைத் திருப்புவது யார் என்று கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

காதுக் கருவி வந்தது. பேச்சுக்கு உதவியது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கீச்சிட்டு, ஒவ்வொரு இடியையும் மண்டைக்குள் ஆணியாக இறக்கியது. கழற்றி வைத்தால் பழைய கச்சேரி.

முசரவாக்கத்திலிருந்து மச்சான் வந்தான், அவள் தம்பி. எனக்காக உரக்கப் பேசினான், தெருவே கேட்டிருக்கும்.

"மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்க. நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு, நல்லா கோர்வை போடுவாரு. நாளைக்கே வரச் சொல்றேன். இன்னாக்கா?"

அவள் பாவில் அறுந்த ஓர் இழையை எடுத்து முடிச்சுப் போட்டாள். கருவியைக் காதில் வைத்துக்கொண்டிருந்ததற்கு அந்த ஒரு கணத்தில் வருத்தப்பட்டேன்.

"அந்த ஆளு பேசுவாரா?" என்றாள்.

"பேசுவாரு. கலகலன்னு இருப்பாரு."

"அப்ப வேணாம். இவரு எழுதறதுதான் அறுவை. உக்காந்தா வாயத் தொறக்க மாட்டாரு."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் என்னைக் கருவியில்லாமல் தறியில் உட்காரச் சொன்னாள். இன்னும் கிட்டத்தில். அவளுடைய வலது முழங்கை என் விலாவைத் தொடும்படி. பாவு திறந்ததும் முழங்கையால் ஒரு இடி. இடித்தால் போட வேண்டும்; இடிக்காவிட்டால், வானமே இடிந்தாலும் போடக்கூடாது. ஒரு வாரம் விலா நீலமாக இருந்தது. நெய்ததைப் பிரித்துத் திரும்ப நெய்தோம். பிறகு உடலும் கரையும் மெல்லக் கை கோத்தன.

ஆல்பங்கள் நிற்கவில்லை. ஆனால் சமீப நாட்களில் அவற்றில் ஒன்று கூடியிருக்கிறது. பாட்டுக்கு அடியில், தறிச் சத்தத்துக்கும் அடியில், இளமையான ஒரு குரல். அவள் குரல்தான், கல்யாணமான புதிதில் இருந்தது. "போடு" என்கிறது. சரியான தாளத்தில், ஒரு மூச்சு முன்னதாக, மிகப் பிரியமாக. கை தானாக நாடாவோடு எழும்புகிறது.

பக்கத்தில் நரைத்த தலை பாவின் மேல் குனிந்திருக்கிறது. உதடு மூடியிருக்கிறது.

"போடு" என்கிறது குரல். இந்தத் தடவை கொஞ்சம் கெஞ்சலாக.

விலாவில் இடி விழவில்லை. நான் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.